குதிரையின் இருதயம்

சில தினங்களுக்கு முன் மாலை வேளையில், சிட்லபாக்கம் ஏரியை அடுத்த தெரு ஒன்றில் கலியாண ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையைச் சுமந்து வந்த வெள்ளைக் குதிரை, சரவெடி கொளுத்தப்பட்டதும் மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. குதிரைக்காரன் கடிவாளத்தை வெடுக்கென இழுத்தான். குதிரையின் வாயோரத்தில் இரத்தம் கசிந்தது. அதன் பின் சவுக்கு பேசிற்று. கூடியிருந்தவர்களில் பெரியவர் ஒருவர், "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் அங்கே நின்றிருந்தோம். ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பினோம். அன்றிரவு நம்மை உறங்கவொட்டாமல் செய்த வெட்கமே இவ்வியாசத்தை எழுதத் தூண்டியது.

அடியின்றிக் குதிரை பழகாது என்பது நம் நாட்டில் மட்டுமன்று, உலகமெங்கும் நெடுங்காலம் நிலவிவந்த நம்பிக்கை. அதனை அடியோடு அசைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்துக் குரோவ்போர்ட் என்ற சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு பிறந்த ஜான் சாலமன் ரேரி என்பவர். பெரிய படிப்போ, குலப்பெருமையோ உடையவரல்லர். முரட்டுக் குதிரைகளைப் பழக்குவதே அவர் தொழில். தம் முறையை 1856-இல் ஒரு சிறு பிரசுரமாக எழுதி வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: குதிரை தனக்கு விளங்கியதையும், தன் இயல்புக்கு ஒவ்வியதையும் எதிர்ப்பின்றிச் செய்யும்; தன் பலத்தின் அளவை அது அறியாது; அஞ்சும் பொருள் எதுவாயினும், அதனை முகர்ந்தும் தொட்டும் ஆராய இடங்கொடுத்தால் அச்சம் தானே விலகும். முரசொலிக்கு மிரளும் குதிரைக்கு முரசை முதலில் மூக்கருகே காட்டவேண்டும், பிறகு மெல்லத் தட்டவேண்டும் என்பது அவர் கட்சி. சரவெடிக்கு மிரண்ட நம் சிட்லபாக்கத்துக் குதிரையிடம் அவ்வாறு யார் பேசினார்கள்?

1857-இன் இறுதியில் ரேரி இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ராணியின் முன்னிலையில் தம் வித்தையைக் காட்டினார். அப்போது டார்செஸ்டர் பிரபுவுக்குச் சொந்தமான குரூயிஸர் என்ற பந்தயக் குதிரை, மனிதரைக் கடித்துக் கொல்லவரும் பிசாசு எனப் பெயர் பெற்றிருந்தது. வாய்க்கு இரும்புக் கூடு மாட்டி, லாயத்திலேயே அதை அடைத்து வைத்திருந்தனர். அதனைப் பழக்கிக் காட்டுமாறு ரேரியை அறைகூவினர். சுமார் மூன்று மணி நேரத்தில் அவர் குரூயிஸர் மீது ஏறி அமர்ந்தார். லண்டன் நகரமே வியந்தது.

அந்த 1858 ஜனவரி மாதத்தை இந்தியர் வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறோம். 27-ஆம் தேதி டில்லிச் செங்கோட்டையில் முதியவரான பகதூர் ஷாவின் மீது விசாரணை தொடங்கிற்று. பீரங்கி வாயில் மனிதரைக் கட்டிச் சுட்ட காலம் அது. குதிரையிடத்தில் அன்பு காட்டலாமென்று கைதட்டிய அதே தேசத்தார், நம்மிடத்தில் அதனைக் காட்டவில்லை. இது போகட்டும், ரேரியின் மீது குற்றமில்லை.

வக்கீல்களாகிய நம்மைப் போன்றோர் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. ரேரி தம் முறையைப் பத்து கினி கட்டணத்திற்கு, இரகசியம் காப்பதாகக் கையொப்பம் பெற்றுக்கொண்டு, சீமான்களுக்குக் கற்பித்தார். ஆனால் அவர் அமெரிக்காவில் முன்பே வெளியிட்ட பிரசுரம் லண்டனில் மறு அச்சாகி ஆறு பென்ஸுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது! ஊரறிந்த இரகசியத்தைக் காப்பதாகச் செய்த ஒப்பந்தத்தின் கதி என்ன? கட்டினவர்களை அந்த நிபந்தனையினின்று விடுவிப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று.

ரேரியைத் தெய்வமாக்கவும் நாம் ஒருப்படோம். அவருடைய முறையில் ஒரு வார் உண்டு. முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டி, குதிரை மூன்று காலில் தள்ளாடிச் சோர்ந்த பின், மற்றொரு காலையும் இழுத்துப் படுக்கவைப்பார். படுத்த குதிரையின் உடலெங்கும் தடவிக் கொடுத்து, தம்மால் தீங்கில்லையென உணர்த்துவார். சவுக்கில்லை, இரத்தமில்லை, ஆயினும் தப்ப வழியற்ற பிராணியின் பணிவை முழு நம்பிக்கையென்று எவ்வாறு சொல்வது? பின்வந்தோர் இதை உணர்ந்தனர். ஒரிகான் மாகாணத்து மாட்டுப் பண்ணையில் வளர்ந்த டாம் டோரன்ஸ் (1910–2003) சிறிய உடலமைப்புக் கொண்டவர். பலத்தால் குதிரையை வெல்லும் எண்ணத்திற்கே அவரிடம் இடமில்லை. கடிவாளத்தை இலேசாகப் பிடித்து, குதிரை கேட்டதன் திசையில் ஓர் இம்மியளவு இசைந்தாலும் அந்தக் கணமே பிடியைத் தளர்த்துவது அவரும் அவர் வழிவந்தோரும் கைக்கொண்ட முறை. குதிரை பாடம் கற்பது இழுப்பிலன்று, தளர்விலே. காலந்தாழ்த்தித் தளர்த்தினால் பாடம் மாறிப்போகும். எனவே பழக்கவேண்டியது முதலில் மனிதனின் கையைத்தான்.

குதிரை எவ்வளவு நுட்பமாக மனிதனைக் கவனிக்கிறதென்பதற்கு ஜெர்மனியில் ஒரு வேடிக்கையான சான்று கிடைத்தது. ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிச் சொல்வதாக 1904-இல் பெரும் பரபரப்பு எழுந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் 1907-இல் ஆராய்ந்து கண்டது யாதெனில், கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலையில் தம்மையறியாமல் உண்டாகும் அசைவைக் கண்டு அது தட்டுவதை நிறுத்திவந்தது. கணக்குத் தெரியாத குதிரைதான். ஆனால் முகம் படிக்கத் தெரிந்த குதிரை! இத்தகைய பிராணியிடம் கோபத்தோடு சென்று, பின் அது மிரண்டதற்காக அதையே அடிப்பது எவ்வளவு பேதைமை!

இவையெல்லாம் மேனாட்டார் சரக்கு என்று நேயர்கள் எண்ணவேண்டா. பாரதத்தில் நளன் அறிந்திருந்த வித்தைக்கு 'அசுவ இருதயம்' என்றே பெயர். இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்த காலத்தில், அதனை அவனுக்குக் கொடுத்துச் சூதின் சூட்சுமத்தை நளன் மாற்றாகப் பெற்றான். சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் வழங்குகின்றன. சாஸ்திரம் இருந்தது, லாயத்தில் அது நுழைந்ததா என்பதே கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தது நமக்கு உவப்பானதன்று. அரசரும் அவர் உடன்பிறந்தோரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர். தெரிந்தவர் இங்கு வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டனர் என்கிறார் அவர். அந்நியன் கூற்று மிகையாயிருக்கலாம். எனினும் அறியாமையை விலைக்கு விற்றுக் கொழுத்த வர்த்தகம் எதுவென்று அதிலிருந்து விளங்குகிறதல்லவா? ஊரெல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்துவைத்து வணங்கிய நாடு, உயிர்க்குதிரைக்குக் கொள்ளும் புல்லும் அளவறிந்து இடக் கற்கவில்லை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார், ராஜ்ய சபையில் மிருகவதைத் தடுப்புக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றுமென்று நேரு உறுதியளித்ததன் பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வாறு 1960-இல் பிறந்த சட்டத்தின் கீழ் 1965-இல் செய்யப்பட்ட விதிகள், முள்ளும் குமிழும் வைத்த கடிவாளத்தைத் தெளிவாகத் தடுக்கின்றன. ஊர்வலத்தில் நாம் கண்ட இரத்தம் எத்தகைய கடிவாளத்தால் வந்ததென்று அருகில் சென்று பார்க்கத் தவறினோம். தவிர, 1960-ஆம் வருஷத்துச் சட்டம் முதற் குற்றத்திற்கு எழுதிவைத்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. கலியாண வீட்டார் ஒரு சரவெடிக்குச் செலவிடும் தொகைகூட அன்று!

குதிரையின் பழக்கத்தை நீதிமன்றம் மதித்த சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. கிண்டிப் பந்தயம் சூதா, திறமையா என்ற வழக்கில், 1996-இல் சுப்ரீம் கோர்ட்டார் அது திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தனர்; குதிரைக்கு அளிக்கப்படும் பயிற்சியும் அதற்கொரு காரணமாகக் கொள்ளப்பட்டது. பந்தயத்தில் பணம் கட்டுவதை நாம் ஆதரிப்பவரல்லோம். ஆனால் பயிற்சி ஒரு கலையென்று மன்றம் ஏற்றபின், அக்கலையைக் கற்பிக்கப் பள்ளி எங்கே? ஊர்வலக் குதிரையோடும் மெரினா மணலில் குழந்தைகளைச் சுமக்கும் மட்டக்குதிரையோடும் நடக்கும் இளைஞனுக்குத் தகப்பன் கொடுத்துச் சென்றது சவுக்கு ஒன்றே. அவனை ஏசுவதால் ஆவதென்ன? தாம்பரம் மாநகராட்சியாரும் கால்நடை இலாகாவினரும் ஆண்டுக்கு ஒரு வாரமேனும் இவர்களைக் கூட்டி, தேர்ந்த பழக்குநரைக் கொண்டு செய்துகாட்டினால் பெருஞ்செலவு ஆகிவிடாது. வெடிச் சத்தத்திற்குப் பழகாத குதிரையை ஊர்வலத்திற்கு அனுமதிப்பதில்லையென்று கலியாண மண்டபத்தார் ஒரு விதி செய்துகொள்ளவும் தடையில்லை.

ரேரி 1866-இல், நாற்பது வயது நிரம்புமுன் காலமானார். அவரோடு அமெரிக்கா சென்ற குரூயிஸர், அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் குரோவ்போர்ட்டிலேயே வாழ்ந்து 1875-இல் இறந்தது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு இன்றும் அந்தக் குதிரையின் பெயர்தான்.