கம்பளியும் முடிதான்

வீட்டு நாயோ பூனையோ விரிப்பில் சிறுநீர் கழித்துவிட்டால் நம் கை முதலில் தேடுவது பினாயிலை. அடுத்து பிளீச்சிங் பவுடர், சோப்புத் தூள், தேய்க்கிற பிரஷ். பருத்தி ஜமுக்காளம் என்றால் இந்த முரட்டு வைத்தியத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். பதோஹியிலோ காஷ்மீரிலோ முடிச்சு முடிச்சாகப் போட்டு நெய்த கம்பளி விரிப்பு தாங்காது. அதற்குச் சிறுநீர் செய்யும் கெடுதலைவிட, கறையைப் போக்குகிறேன் என்று நாம் செய்யும் கெடுதல் பெரிது என்பதே என் கட்சி.

கம்பளி என்பது ஆட்டின் முடி. நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. லேசான அமிலம் அதற்கு ஒத்துப்போகும், காரம் ஆகாது. திரவ பிளீச்சில் ஒரு கம்பளி நூலைப் போட்டு வையுங்கள், நூல் கரைந்தே போகும். வெந்நீர் விட்டுத் தேய்ப்பதும் அதே அளவு தப்பு. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேரும்போது அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இழைகள் சிக்கிக் கெட்டியாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. தலைமுடிக்குச் செய்யத் துணியாத எதையும் கம்பளிக்குச் செய்யாமல் இருந்தாலே பாதி விரிப்பு பிழைக்கும்.

சிறுநீரின் போக்கையும் தெரிந்துகொண்டால் அவசரம் எங்கே வேண்டும் என்பது புரியும். நாய், பூனைகளின் புதுச் சிறுநீர் பொதுவாக லேசான அமிலம். நேரம் ஆக ஆக, அதிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன; அமிலம் காரமாகிறது, மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது, சாயமும் இளகுகிறது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே வெள்ளைப் பருத்தித் துண்டை மடித்துப் போட்டு, மேலே ஏறி நின்று அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். துண்டில் ஈரம் ஏறுவது நின்றதும் கொஞ்சம் குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்றலாம். அதன்பின் ஒரு பங்கு வெள்ளை வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து அதேபோல் ஒற்றினால் மிச்சமிருக்கும் அமோனியா அடங்கும். வினிகர்த் தண்ணீரை முதலில் கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்ப்பது நல்லது. துணியில் சாயம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். கடைசியில் விரிப்பைத் தரையிலிருந்து தூக்கி, இருபுறமும் காற்றுப்பட ஃபேன் போட வேண்டும். மேலே கம்பளி காய்ந்தாலும், பாவும் ஊடுமாக உள்ளே ஓடும் பருத்தி நூல் ஈரத்தை விடாமல் வைத்திருந்து உளுத்துப்போகும்.

ஆப்ப சோடா பாதுகாப்பானதுதானே என்று கேட்கலாம். உலர்ந்த விரிப்பில் வாடைக்காகத் தூவி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் குழைத்துப் பூசினால் காரமும் சேரும், பொடியும் முடிச்சுகளுக்குள் தங்கிவிடும். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுவது இன்னும் வேடிக்கை: பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதாகத் தோன்றும், நடப்பது அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதுதான். என்சைம் திரவங்களைப் பற்றிய கேள்வி இதைவிட நியாயமானது. பூனைச் சிறுநீரின் யூரிக் அமிலப் படிவுகள் வினிகருக்கு அசைவதில்லை, மழைக்காலத்து ஈரப்பதத்தில் வாடை திரும்ப வரும். அங்கே என்சைம் உதவும் என்பது உண்மை. ஆனால் புரதத்தைச் சிதைக்கிற என்சைமுக்குக் கறைப் புரதம் எது, கம்பளிப் புரதம் எது என்ற பேதம் கிடையாது. கம்பளிக்கு ஏற்றது என்று புட்டியில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பினாயிலோ எந்த நிலையிலும் வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க முடியாது.

பல மாதம் ஊறிய கறைக்கு இந்த முறை போதாது. மஞ்சளாகத் தெரிவது பல நேரம் மேலே படிந்த அழுக்கே அல்ல, சாயம் போன இடம். அதை எந்தக் கழுவலும் திருப்பித் தராது. பட்டு கலந்த விரிப்பும், அடியில் லேடெக்ஸ் பசை ஒட்டிய விரிப்பும் வீட்டு வைத்தியத்துக்கு ஏற்றவையல்ல. இவற்றைக் கம்பளம் கழுவுவதையே தொழிலாகக் கொண்டவரிடம் விடுங்கள். கொடுக்கும்போது அது சிறுநீர்க் கறை என்பதையும், வீட்டில் அதன் மேல் என்னென்ன ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.