நோகவில்லை என்று இருந்துவிடாதீர்கள்

2019 ஆம் ஆண்டு வன்னியில் ஒரு கிராமத்து முன்பள்ளிக் கட்டடத்தில் சவர்க்காரம் செய்யும் சுயதொழிற் பயிற்சியொன்றை நடத்திக்கொண்டிருந்தோம். கணவரை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர், தாய்மார் எனப் பதினெட்டுப் பேர் வந்திருந்தனர். தேங்காயெண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டிலேயே சவர்க்காரம் செய்துவிடலாம். முதல் குறைவு, கடையில் விலைப்படும். அதனால்தான் வாழ்வாதாரத் திட்டங்களில் இந்தத் தொழிலுக்கு எப்போதும் ஓர் இடமுண்டு.

பயிற்றுநர் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்திருந்தார். அந்த வாளியை வாங்கிலிலிருந்து இறக்கும்போது கைபிடி நழுவியது. கரைசலில் பாதி தரையிலும் மீதி ஒரு சகோதரியின் பாவாடையிலும் கொட்டியது. எல்லோரும் எழுந்து ஓடினோம். ஒருவர் தேசிக்காய் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் வினாகிரி பூசச் சொன்னார். நான் குடிப்பதற்கு வைத்திருந்த போத்தல் தண்ணீரை அவருடைய பாதத்தில் ஊற்றி, துவாயால் துடைத்துவிட்டு, “நோகுதா அக்கா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இல்லைப் பிள்ளை. சவுக்காரம் பட்ட மாதிரி வழுவழுவெண்டு இருக்குது, அவ்வளவுதான். செல் பட்ட காலுக்கு உது ஒரு காயமே?”

நாங்களும் சிரித்தோம். பயிற்சி தொடர்ந்தது. நனைந்த பாவாடையுடனேயே அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தார். பிறகு அதே உடுப்புடன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மறுநாட் காலை அவருடைய மகள் எனக்குத் தொலைபேசியில் அழுதாள். தாயின் தொடைத்தோல் வெளிறிக் கழன்று வருவதாகச் சொன்னாள். வைத்தியசாலையில் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. “உடனே உடுப்பைக் கழற்றிப்போட்டு அரைமணித்தியாலம் தண்ணி ஊத்தியிருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது” என்று அங்கிருந்த தாதி சொன்னார்.

முன்பள்ளியின் கிணறு நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்தது.

வழுவழுப்பே எச்சரிக்கை

காஸ்டிக் சோடா எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அதைத்தான் உற்பத்தி செய்தார்கள். அங்கு வேலைசெய்த தகப்பன்மாரின் பிள்ளைகள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களிடையேயும் இருக்கக்கூடும். போரோடு அந்தத் தொழிற்சாலை நின்றுபோனது. அதனுடன் அந்த இரசாயனத்தை எப்படிக் கையாள்வது என்ற அறிவும் எங்கள் ஊர்களில் அருகிப்போயிற்று. இன்று அது சின்னப் பொதிகளிலும் பெயரெழுதாத போத்தல்களிலும் வீட்டுக்குள் வருகிறது. அடைத்த குழாய்களைத் துப்புரவாக்கும் தூள்கள் பலவற்றிலும் அது உண்டு.

அசிட் பட்டால் உடனே எரியும். நாம் கத்துவோம், தண்ணீரைத் தேடி ஓடுவோம். காஸ்டிக் சோடா பெரும்பாலும் அப்படி எச்சரிப்பதில்லை. எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் அதே வேலையை அது எங்கள் தோலிலுள்ள கொழுப்பிலும் செய்கிறது. விரலிடையே தெரியும் வழுவழுப்பு அதுதான். அசிட் பட்ட தோல் பெரும்பாலும் இறுகி ஒரு பொருக்குப் போலாகி, உள்ளே போகும் வழியை ஓரளவு மறித்துவிடும். காஸ்டிக் சோடாவோ தசையை இளக்கிக்கொண்டு ஆழ இறங்கும். மேலே கழுவாமல் விட்டால் மணித்தியாலக் கணக்கில் இறங்கிக்கொண்டேயிருக்கும். நோவு தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். கண்ணில் பட்டால் சில நிமிடங்களிலேயே பார்வைக்கு ஆபத்து.

ஹங்கேரியில் நடந்தது

இதே இரசாயனம் ஓர் ஊரையே மூடிய சம்பவம் ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டில் நடந்தது. அலுமினியம் செய்வதற்கான மூலப்பொருளைப் பிரித்தெடுக்கக் காஸ்டிக் சோடா பயன்படுகிறது. பிரித்தெடுத்தபின் மிஞ்சுவது செந்நிறச் சேறு. அஜ்கா நகரத்துத் தொழிற்சாலையொன்று அந்தச் சேற்றைப் பெரிய அணைகளுக்குள் தேக்கி வைத்திருந்தது. 2010 ஒக்டோபர் 4 ஆம் திகதி மதியவேளையில் ஓர் அணையின் மூலை உடைந்தது. ஆறு இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட சேறு கொலொந்தார் என்ற கிராமத்துக்குள்ளும், அடுத்துத் தேவெச்செர் என்ற சிறுநகருக்குள்ளும் பாய்ந்தது. ஒரு வயதே ஆன பெண்குழந்தை உட்படப் பத்துப் பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர்.

நாம் கவனிக்கவேண்டியது காயமடைந்தவர்களின் கதையை. சேற்றில் இறங்கி நின்று பிள்ளைகளையும் கால்நடைகளையும் பொருட்களையும் மீட்டவர்களில் பலர் அதை வெறும் சேறென்றே நினைத்தார்கள். நனைந்த உடுப்பும் சப்பாத்துமாக நின்றார்கள். சிலருடைய காயத்தின் உண்மையான ஆழம் நாட்கள் கழிந்த பின்னரே தெரியவந்தது. இந்தச் சேறு ஐரோப்பிய விதிகளின்படி ஆபத்தான கழிவு அல்ல என்று தொழிற்சாலை சொல்லிக்கொண்டிருந்தது. வைத்தியசாலைக் கட்டில்களிலோ இரசாயனம் சுட்ட கால்களுடன் மக்கள் கிடந்தார்கள்.

மீட்புப் பணியாளர்கள் தெருக்களையும் வீடுகளையும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். சேறு மார்சல் ஆற்றில் கலந்து டானூப் நதியை நோக்கிப் போனபோது, ஆற்றில் தொன் கணக்கில் ஜிப்சத்தைக் கொட்டினார்கள். அசற்றிக் அமிலமும் சேர்த்தார்கள். டானூப் பெருமளவு தப்பியது. மார்சல் ஆற்றில் மீன்கள் செத்தொழிந்தன. அணையின் இன்னொரு சுவரிலும் வெடிப்புக் கண்டதால் ஒக்டோபர் 9 ஆம் திகதி கொலொந்தார் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். புதிய தடுப்பணை எழும்பிய பிறகே அவர்கள் வீடு திரும்பினார்கள். ஓர் இரவுக்குள் ஊரை விட்டுப் போவதென்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆற்றில் அமிலம் சேர்த்தது நிபுணர்கள், அளவு பார்த்துச் செய்த வேலை. அதை நாங்கள் உடம்பில் செய்யக்கூடாது. தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் அமிலங்களே. தேடி எடுத்து வருவதற்குள் கழுவவேண்டிய நேரம் போய்விடும். காஸ்டிக் சோடாவுடன் சேரும்போது சூடும் உண்டாகும். எண்ணெய், பற்பசை, மஞ்சள் ஆகியவையும் வேண்டாம்.

பட்டவுடன் செய்யவேண்டியவை

● தூளாகவோ செதிலாகவோ பட்டால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். பிறகு கழுவுங்கள்.

● நனைந்த உடுப்பு, செருப்பு, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழற்றலாம்.

● ஓடும் தண்ணீரில் குறைந்தது அரைமணித்தியாலம் கழுவுங்கள். வழுவழுப்புப் போகும்வரை நிறுத்தவேண்டாம். கிணற்றடியானால் ஒருவர் அள்ளிக்கொடுக்க ஒருவர் ஊற்றட்டும்.

● கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடவிடுங்கள். கண்ணைக் கசக்கக்கூடாது. இதற்கும் அரைமணித்தியாலம் வேண்டும். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம்.

● பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போன வழியைச் சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

● நோவு இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். பொதியையோ போத்தலையோ கையோடு கொண்டுபோங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

கொட்டிய இடத்தில்

முதலில் பிள்ளைகளையும் ஆடுமாடு கோழிகளையும் அப்புறப்படுத்துங்கள். கதவு, ஜன்னல்களைத் திறவுங்கள். றபர் கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் கிட்டப் போகவேண்டாம். கொட்டியது தூளானால் ஈரத்துணி போடாமல், உலர்ந்ததாகவே கூட்டி அள்ளுங்கள். கரைசலானால் சுற்றிவர மணலால் அணை கட்டி, மேலேயும் மணல் போட்டு, அது உறிஞ்சிய பிறகு பிளாஸ்டிக் வாளியில் அள்ளி மூடிவையுங்கள். அதன்பின் தரையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கு அந்தக் கிணறுதான் இருக்கிறது.

தொழில் செய்பவர்கள் மூன்று விடயங்களை மனதில் வைத்திருந்தாற் போதும். தண்ணீருக்குள்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். மாறி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. அது பாத்திரத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய வாயுவை உண்டாக்கும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ கரைசலை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

பொறுத்துக்கொள்வது பெருமையல்ல

வைத்தியசாலையில் அந்தச் சகோதரியின் கட்டிலருகே இருந்த நாட்களில் ஒரு விடயத்தைக் கேட்டேன். பாவாடையையாவது மாற்றியிருக்கலாமே என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எப்பிடிப் பிள்ளை கழட்டுறது? பயிற்சி தர வந்தவர் ஆம்பிளை. மாத்த ஒரு துணியும் இல்லை. அதோட சின்ன விசயத்துக்குக் குழறினால் அடுத்த முறை என்னைக் கூப்பிடமாட்டினமெண்டு நினைச்சன்.”

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மக்களின் மீளெழும் திறன் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். எங்கள் பெண்கள் எதையும் தாங்குவார்கள் என்று அறிக்கைகளில் நானே எழுதியுமிருக்கிறேன். அன்றுதான் அந்தச் சொல்லின் மறுபக்கத்தைக் கண்டேன். பெரிய காயங்களைத் தாங்கிய உடம்பு சின்னக் காயத்தைச் சொல்ல வெட்கப்படுகிறது. உதவி பெறுபவர் என்ற இடத்தில் இருப்பவர் முறையிடப் பயப்படுகிறார். அவருடைய பொறுமையை நாங்கள் சுகமென்று எடுத்துக்கொள்கிறோம். அன்று பிழை அவருடையதல்ல. “நோகுதா?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டு ஆறுதலடைந்த என்னுடையது.

அதன்பின் நான் பொறுப்பாக இருக்கும் எந்தப் பயிற்சியிலும் சில பொருட்கள் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. நிரப்பிய தண்ணீர்ப் பீப்பாயும் கோப்பையும், எல்லோருக்கும் கையுறையும் கண்ணாடியும், ஒரு வாளி மணல், மாற்றுடுப்பாக இரண்டு பாவாடைகள், மறைப்பாகப் பிடிப்பதற்கு ஒரு பெரிய படுக்கை விரிப்பு. விரிப்பைப் பிடிக்கப்போகும் இரண்டு பெண்களையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். இவற்றில் எதுவும் பெருஞ்செலவல்ல.

உங்கள் ஊருக்குத் திட்டமொன்றைக் கொண்டுவருபவர்களிடம் நீங்களும் கேளுங்கள். இந்தப் பொதிக்குள் என்ன இருக்கிறது? பட்டால் என்ன செய்வது? கையுறை எங்கே? தண்ணீர் எங்கே? கேட்பது குறைசொல்வதாகாது. அது உங்கள் உரிமை. ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்தச் சகோதரி இன்றும் சவர்க்காரம் செய்கிறார். புதிய பயிற்சிகளுக்கு அவரையும் அழைக்கிறோம். காஸ்டிக் சோடாப் பொதியை வெட்டுவதற்கு முன்னர் அவர் எழுந்து நின்று ஒரே விடயத்தைச் சொல்வார்: “நோகேல்லை எண்டு இருந்திடாதேங்கோ பிள்ளையள். வழுவழுவெண்டால் தண்ணியடிக்கு ஓடுங்கோ.”