கரி பஸ்ஸும் காஸ் டேங்கரும்

உலகப் போர்க்காலத்தில், 1941இல் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபோது நாமக்கல், சேலம் மாவட்டத்து ஊர்களில் ஒன்று. இன்று தனி மாவட்டம். லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் காஸ் டேங்கர்களுக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது. இந்தச் சமவெளியில்தான் ஒருகாலத்தில் எரிபொருளைக் கேலன் கேலனாக எண்ணிக் கொடுத்தார்கள் என்பதை இன்றைய டிரைவர்கள் நம்பச் சற்று நேரமாகும்.

கார் வைத்திருந்தவர் ரேஷன் அதிகாரிக்கு மனுப் போட வேண்டும். வண்டிக்கென்று சாதாரணக் கூப்பன் உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். கூப்பன் வாங்காமல் பெட்ரோல் ஊற்றினால் பங்க்காரர்மேல் வழக்கு. அப்படிக் குண்டூரில் எழுந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. குற்ற எண்ணம் தேவை என்பதைச் சட்டம் தெளிவாக விலக்காதவரை, அந்த எண்ணம் இல்லாத ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று 1951இல் அது சொன்னதை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அன்று வண்டிக்காரரிடம் கேட்ட கேள்வி "எதற்கு?" இன்று பங்க்கில் கேட்பது "எவ்வளவுக்கு?" மட்டுமே.

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வர, ஏனாங்யாவுங் எண்ணெய் வயல்களைப் பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இங்கே பெட்ரோல் நெருக்கடி முற்றியது. பஸ்கள் கரிக்கு மாறின. மதுரை டி.வி.எஸ். செய்த கரிவாயுக் கலன்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடின. வண்டியின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, துருத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி வாயு பிடித்த பிறகுதான் எஞ்சின் உயிர்பெறும். இழுவை மூன்றில் ஒரு பங்காவது குறையும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். புகையும் தாமதமும் உண்மை. ஆனால் தள்ளியவர்களுக்கு அந்த பஸ்ஸில் ஓர் உரிமை இருந்தது. அது டிக்கெட்டில் வருவதல்ல.

இன்றும் வண்டியின் பின்னால் வாயுதான். ஒரு புல்லட் டேங்கரில் ஏறத்தாழ 18 டன் சமையல் காஸ். மேடானாலும் ஒற்றை டிரைவரே ஏற்றிவிடுகிறார். யாரும் இறங்க வேண்டியதில்லை.

கூப்பன் அடியோடு மறைந்துவிடவும் இல்லை. 2022இல் இலங்கையில் அது கியூஆர் குறியீடாகத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவருக்கு முதலில் வாரத்துக்கு 4 லிட்டர் கிடைத்தது. பழைய கணக்கில் ஒரு கேலனுக்கும் குறைவு.