அசெய்தேயும் அலுமாரியும்: ஸ்பானியச் சொற்கள் எங்கட சொற்களுக்குச் சொல்லும் பாடம்

வவுனியாவில இருந்துகொண்டு ஸ்பானிய மொழி படிச்சு என்ன செய்யப்போறீங்க என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பெயினுக்கும் மெக்சிக்கோவுக்கும் போகும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அந்த மொழியின் அன்றாடச் சொற்களில் ஒரு பங்கு எங்கட குசினிக்குள் கிடக்கிறது. இன்னொரு பங்கு நாங்கள் ஓதிய மதரஸாவில் கிடக்கிறது. இவை இரண்டையும் தாண்டி, வடபுலத்து முஸ்லிம்கள் கவனிக்க வேண்டிய பாடமொன்றும் அதில் இருக்கிறது.

வீட்டுக்குள் உள்ளவை

முதலில் வீட்டைப் பார்ப்போம். மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, துவாய், பாண் ஆகியவை போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்த சொற்கள். போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் இலத்தீனில் பிறந்த சகோதரிகள். அதனால் ஸ்பானியத்தில் மேசை 'மேசா', அலுமாரி 'அர்மாரியோ', சப்பாத்து 'சப்பாத்தோ', குசினி 'கொசினா', பாண் 'பான்'. புதிதாகப் படிக்கிற ஒருவர் இந்த ஐந்தையும் மனனம் செய்யத் தேவையில்லை.

ஆனால் இந்த ஒற்றுமையை எல்லா இடத்திலும் நம்பக்கூடாது. எங்கட 'கதிரை' போர்த்துக்கேய 'கதெய்ரா'விலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் 'கதேரா' என்றால் இடுப்பு; கதிரைக்கு அங்கே 'சியா' என்று வேறு சொல். யன்னலும் அப்படித்தான். போர்த்துக்கேயத்தில் 'ஜனேலா', ஸ்பானியத்தில் 'வெந்தானா'.

மதரஸாவில் கேட்டவை

கி.பி. 711 முதல் 1492 வரை அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சி இருந்தது நாங்கள் அறிந்ததே. அதன் தடயம் கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில் மட்டுமல்ல, ஸ்பெயின்காரரின் சமையலறையிலும் இருக்கிறது. எண்ணெய் 'அசெய்தே', அரபியில் 'அஸ்ஸைத்'. சீனி 'அசூக்கர்', அரபியில் 'அஸ்ஸுக்கர்'. அரிசி 'அர்ரோஸ்', பருத்தி 'அல்கொதோன்', தலையணை 'அல்மோஆதா'. பெயர் தெரியாத ஒருவரைக் குறிக்கும் 'ஃபுலானோ' எங்கட ஆலிம்கள் பயானில் சொல்லும் 'ஃபுலான்'தான். விடைபெறும்போது சொல்லும் 'அஸ்தா மஞானா'வில் உள்ள 'அஸ்தா', அரபியின் 'ஹத்தா'. நாளைவரை என்பது பொருள். நகரபிதாவைக் குறிக்கும் 'அல்கால்தே', 'அல்காழி'யின் வழி வந்தது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் சொல் 'ஓஹலா'. அது 'இன்ஷா அல்லாஹ்' என்று பலர் சொல்லுவார்கள். ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி அதை 'லவ் ஷா அல்லாஹ்' என்ற அந்தலூஸிய அரபு வழக்கிலிருந்து காட்டுகிறது. பொருளும் அதற்குத்தான் பொருந்துகிறது. இன்ஷா அல்லாஹ் என்றால் செய்ய எண்ணியதை அல்லாஹ்வின் நாட்டத்தில் விடுகிறோம். ஓஹலா என்பது 'அப்படி நடந்தால் எவ்வளவு நல்லம்' என்ற ஏக்கம்.

உச்சரிப்பிலும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. நன்றி சொல்லும் 'கிராசியாஸ்' என்ற சொல்லை ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'கிராதியாஸ்' என்பார்கள். நடுவில் வரும் ஒலி, மூன்று புள்ளி வைத்த அரபு எழுத்தை நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து ஓதும் ஒலிதான். இலத்தீன் அமெரிக்காவில் அது வெறும் 'ஸ'. 'ஓஹலா'வில் வரும் 'ஹ', ஸ்பெயினில் பலர் வாயில் தொண்டையை உரசிக்கொண்டு வரும். தலையில் புள்ளி வைத்த 'ஹா'வை ஓதியவருக்கு அது புதிதல்ல. 'மஞானா'வில் உள்ள 'ஞ'வோ எங்கட தமிழ் எழுத்திலேயே இருக்கிறது.

ஊருக்கு ஊர் மாறுபவை

ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று படித்தால் போதாது. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', இலத்தீன் அமெரிக்காவில் 'பாப்பா'. 'தோர்த்தியா' ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பொரிப்பது. மெக்சிக்கோவில் சோளமாவு ரொட்டி. அன்னாசியை ஆர்ஜென்டீனாவில் 'அனனா' என்பார்கள், எங்கட சொல்லே போதும். ஸ்பெயினில் அது 'பீஞா'. கியூபாவில் 'குவாகுவா' என்றால் பஸ். சிலியிலும் எக்குவடோரிலும் அதே சொல் கைக்குழந்தையைக் குறிக்கும். அங்கே அது கெச்சுவா என்ற பழங்குடி மொழியிலிருந்து வந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கிற நாங்கள் எங்கட பேச்சையும் பார்க்க வேண்டும். 'தாத்தா' என்றால் தமிழ்நாட்டில் பாட்டன். இலங்கை முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூத்த சகோதரி. மூத்த சகோதரன் கிழக்கில் 'காக்கா', கொழும்பு, புத்தளம் பக்கம் 'நானா'. 'பள்ளி'க்குப் போறன் என்றால் எங்களுக்குத் தொழுகை, தமிழ்நாட்டாருக்குப் படிப்பு. சாவி இங்கே 'திறப்பு'. எங்கட 'ஆணம்' அயல்வீட்டில் 'குழம்பு'. இவற்றில் சரி, பிழை என்று ஒன்றுமில்லை. மொழிகளின் வேறுபாட்டை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாக சூரத்துர் ரூம் சொல்கிறது.

சொல் இருக்கிறது, ஆட்கள் இல்லை

அந்தலூஸின் முடிவு 1492இல் ஆட்சியோடு நிற்கவில்லை. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர் கிரனாடாவில் அரபு பேசுவதையும் எழுதுவதையும் தடைசெய்தார். 1609 முதல் 1614 வரை மூன்றாம் பிலிப் மன்னர், கட்டாய மதமாற்றத்துக்கு உட்பட்டிருந்த முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் சுமார் 3 இலட்சம் பேரை நாடு கடத்தினார். அன்று போர்த்துக்கலுக்கும் அவர்தான் மன்னர். 1619இல் யாழ்ப்பாண அரசு கைப்பற்றப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். 1626இல் இலங்கையில் போர்த்துக்கேயர் தங்கள் ஆள்புலத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினார்.

நாடுகடத்தல் முதலில் தொடங்கியது வலென்சியாவில். அங்கே வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை இன்றும் 'அசேகியா' என்றுதான் கமக்காரர் சொல்கிறார்கள், அரபியில் 'அஸ்ஸாகியா'. வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் மன்றம் வியாழன்தோறும் நண்பகலில் தேவாலய வாசலில் இன்றும் கூடுகிறது. வாய்க்கால் ஓடியதால் சொல் நின்றது. அதைக் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் அங்கே இல்லை.

எங்கட நிலைமை இதற்கு நேர்மாறானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம் எல்லாம் அதில் அடங்கும். பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் ஒதுங்கினர். 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பினர். ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் குளக்கட்டு, அலைகரை, துருசு என்ற சொற்கள் முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? 'குளம் வான் பாயுது' என்று மூத்தவர் சொன்னால், கொட்டிலில் பிறந்தவர் வாகனம் என்றுதான் நினைப்பார். வேலை போனால் சொல்லும் போகும். புத்தளத்தில் கற்ற பேச்சும் அந்தப் பிள்ளைகளின் சொந்தப் பேச்சுதான். அதைக் குறை சொல்லக்கூடாது. முன்னையதும் அதோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

ஸ்பானியம் படிப்பதற்கு நான் கைக்கொள்ளும் முறையையே இதற்கும் சொல்கிறேன். கொப்பியில் மூன்று கோடு கீறி, முதலில் சொல், அடுத்து அது எந்த ஊரில் வழங்குகிறது, மூன்றாவதாக யார், என்ன வேலையின்போது சொன்னது என்று எழுதுங்கள். ஊர் குறிக்காத சொல் அரைச்சொல்தான். 'குவாகுவா' பஸ்ஸா பிள்ளையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வயல், குளம், குசினி, கலியாணம், மையித்து வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். 1990இல் இருபது வயதாயிருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அன்று ஐம்பதாயிருந்தவர்களில் எஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர். பாடசாலை மாணவர் ஒருவர் தன் உம்மம்மாவிடமிருந்து நாற்பது சொல் எழுதிக்கொண்டு வந்தாலும், வன்னி முஸ்லிம்களின் சொல்லகராதிக்கு அது நல்ல தொடக்கம்.