காலடி மண் – 17: கடப்பாரைக்கு மசியாத வெள்ளைத் தரை

போன வாரம் யேமன் மலைச்சரிவின் கல்லடுக்கு வயல்களில் நிறுத்தியிருந்தேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அமெரிக்காவின் அரிசோனா, டூசான் நகரம். அங்கே வீட்டுத் தோட்டத்தில் என்ன விதைக்கிறார்கள் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்தால் விதை வரைக்கும் போகவே முடியவில்லை. குழி வெட்டுவதிலேயே மாட்டிக்கொண்டேன்.

டூசானைச் சுற்றி மலைகள். வடக்கே சான்டா கேட்டலினா தொடர். அதன் உச்சி மவுண்ட் லெம்மன், 2,791 மீட்டர். நகரம் அதற்கு 2,000 மீட்டர் கீழே கிடக்கிறது. மேலே பைன் காடும் பனியும், கீழே ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய சகுவாரோ கள்ளி. (லெம்மன் என்றால் எலுமிச்சை இல்லை. 1881-ல் தேனிலவுக்கு வந்த தாவரவியல் தம்பதியில் மனைவி சாரா லெம்மனின் பெயர். தேனிலவிலும் செடி சேகரித்துக்கொண்டே மலையேறிய ஜோடி.) நகரத்தில் வருஷத்துக்குச் சுமார் 28 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்குப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அதற்கு அவர்களும் மான்சூன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் புதிதாக வீடு வாங்கியவர் எலுமிச்சைக் கன்று வைக்க ஆசைப்பட்டுக் கடப்பாரையைப் போட்டால், சில இடங்களில் ஒரு சாணுக்குக் கீழே ‘டங்’ என்று கேட்கும். வெளேரென்று ஒரு தரை, சிமென்ட் மாதிரி. பெயர் கலீச்சே. சுண்ணாம்புக்கான லத்தீன் சொல் ஸ்பானிய வாயில் புகுந்து வந்த பெயர்.

நல்ல மழை பெய்கிற ஊரில் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து நிலத்தடி நீர் வரை கொண்டுபோய்விடும் தண்ணீர். பாலைவனத்து மழைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. காற்று கொண்டுவந்து கொட்டிய சுண்ணாம்புத் தூசியைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு இரண்டடி, மூன்றடி இறங்கும், அங்கேயே வற்றிப்போகும். சுண்ணாம்பு மட்டும் தங்கும். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே நடந்தால் மணலும் கூழாங்கல்லும் சேர்த்து ஒட்டிப் பாறையாகிவிடும். மழை எதுவரைக்கும் இறங்கியது என்று மண் தனக்குத் தானே எழுதி வைத்த கணக்கு.

கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். நம்ம சுக்கான்தானே! அதேதான். கரிசலுக்கு அடியில் கிணறு வெட்டுகிறவன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற அதே சரக்கு. நண்பர் ஒருவர் விளாத்திகுளத்திலிருந்து ஒரு சுக்கான்கல் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். பொங்கிய நுரையில் சின்னச் சின்னக் குமிழ்கள் வெடிக்கிற சத்தம், காதை வைத்தால் கேட்டது. எலுமிச்சை விற்கிற விலையில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவை என்று இப்போதும் சொல்வேன்.

செடிக்கு இந்தத் தரை இரண்டு விதமாகக் கெடுதல். ஊற்றிய தண்ணீர் வடியாமல் தொட்டி மாதிரி நின்று வேரை அழுகவைக்கும். பாலைவனத்தில் செடி தண்ணீர் அதிகமாகிச் சாகிற கூத்து அங்கேதான். அடுத்து, காரத்தன்மை. பி.ஹெச். எட்டைத் தாண்டும். மண்ணில் இரும்பு இருக்கும், கரையாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்த நேரத்தில் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்த் தூரில் கொட்டாதீர்கள். காரம் இன்னும் ஏறும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தார் சொல்லும் சோதனை எளிது. குழிக்குள் நாலைந்து அங்குலம் தண்ணீர் ஊற்று. நாலு மணி நேரத்தில் நாலு அங்குலம் இறங்கினால் நடு. இறங்காவிட்டால் வடிகால் கிடைக்கும்வரை தரையைத் துளை, அல்லது நாலடி தள்ளி வேறு குழி வெட்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு.

இனி, இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். டூசானுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் காசா கிராண்டே என்று ஒரு மண்மாளிகை நிற்கிறது. நாலு நிலை. சுமார் 1350-ல், கால்வாய் வெட்டி விவசாயம் பார்த்த ஹோஹோகம் மக்கள் கட்டியது. எதை வைத்து? கலீச்சேயை வைத்து! குழியில் தோண்டிய கலீச்சே மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே இரண்டடி உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு. செங்கல் கிடையாது. அடிச்சுவர் நாலடிக் கனம். மொத்தம் கிட்டத்தட்ட 3,000 டன் மண். விட்டங்களுக்கான மரம் 80 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைகளிலிருந்து வந்திருக்கிறது. மாடும் வண்டியும் இல்லாத காலத்தில்!

1694-ல் கீனோ என்ற பாதிரியார் வந்து பார்த்தபோதே அது ஆளில்லாத பாழ்வீடு. ‘பெரிய வீடு’ என்ற பொருளில் காசா கிராண்டே என்று பெயர் வைத்தவர் அவர். 1892-ல் அரசாங்கம் பாதுகாப்பு கொடுத்தது. 1903-ல் மேலே ஒரு கூரை போட்டார்கள், 1932-ல் அதை மாற்றி இப்போதுள்ள இரும்புக் கூரை. 1903 வரைக்கும் கூரையில்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் வெயிலையும் மழையையும் அந்தச் சுவர் தாங்கியிருக்கிறது. வேரை இறங்கவிடாத அதே சுண்ணாம்புதான் சுவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. கடப்பாரை பிடித்துக் கை கொப்புளித்த தோட்டக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பக்கம் முடிந்துவிட்டது, விதை பாக்கி. மான்சூன் வெள்ளம் வடிகிற இடமாகப் பார்த்து அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான ஓதாம் மக்கள் விதைத்த டெப்பரி பயறைப் பற்றி அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் ஒன்று செய்யுங்கள்: மண்ணுக்கடியில் வரும் இந்த வெள்ளைத் தரைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், எத்தனை அடியில் வருகிறது என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள்.