தொடுதல் முதலில், குணம் பிறகு

நான் இருக்கும் அரக்கோணத்திலிருந்து ஆம்பூர் வரைக்கும் சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகள். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் 'எல்லாம் மோசடி' என்று முடித்துக்கொள்கிறார்கள். விசுவாசிகளுக்கோ எல்லாம் அற்புதம். குணமானதா இல்லையா என்பதிலேயே இரு தரப்பும் நின்றுவிடுகிறது. ஆதிக் கிறிஸ்தவப் பிரதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, யார் யாரைத் தொட்டார்கள் என்பது.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வேதாகமம் குஷ்டம் என்று பெயர்த்த எபிரேயச் சொல் இன்றைய தொழுநோயைவிட விரிந்தது. பலவகைத் தோல் நோய்கள், துணியில் படரும் கறை, தோல் பொருளில் படரும் கறைகூட அதற்குள் அடக்கம். ஆசாரியன் பார்க்கிறான், ஏழு நாள் அடைத்துவைக்கிறான், மறுபடி பார்க்கிறான், தீட்டு என்கிறான். குணப்படுத்துவது அவன் வேலையே இல்லை. மனிதத் தோலும் விலங்குத் தோலும் ஒரே பரிசோதனைக்கு நிற்கும் இந்த அதிகாரத்தைத் தோல் பதனிடும் பூமியில் உட்கார்ந்து வாசிப்பது தனி அனுபவம்தான். தோலைத் தடவிப் பார்த்து விலை பேசிய கை, அதை உரித்தவனைத் தொடாத ஊர்கள் இவை.

கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்ட மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொடுகிறார். வரிசையைக் கவனியுங்கள். அவன் தீட்டோடு நிற்கும்போதே தொடுகிறார், அப்புறம்தான் குணம், அதற்கும் அப்புறம்தான் ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொல்வது. லூக்கா 17இல் பத்துப் பேரைத் தொடாமலே குணமாக்குகிறார். ஆகவே இந்தத் தொடுதல் வைத்தியத்துக்காக நடந்ததில்லை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருட உதிரப்போக்கால் தீட்டான பெண் தானாகவே வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். தொடும் உரிமை அவள் கைக்கு மாறுகிறது.

அந்தக் கை பிறகு என்ன ஆயிற்று? யாக்கோபு நிருபத்தில் சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். 416இல் பாப்பரசர் முதலாம் இன்னொசெந்து எழுதிய கடிதத்தின்படி, ஆயர் ஆசீர்வதித்த எண்ணெயைச் சாதாரண விசுவாசிகளும் தங்களுக்கும் தங்களைச் சேர்ந்தவர்களுக்கும் பூசலாம். இடைக்காலத்தில் அது சாகக்கிடப்பவருக்கான சடங்காகச் சுருங்கிற்று. 1551இல் திரெந்து பொதுச்சங்கம் குருக்களுக்கு மட்டுமே அந்த அதிகாரம் என்றது. மேடையில் ஒருவர் கை நீட்ட, கீழே கூட்டம் நிற்கும் இன்றைய காட்சியையும் (எந்தச் சபையாக இருந்தால் என்ன) இதே வரிசையில்தான் வைப்பேன்.

1940களின் கடைசியில் வேலூரில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். பேச்சுவாக்கில் நோயாளி ஒருவரின் தோளில் கை வைக்கிறார். அவர் அழுகிறார். விசாரித்தால், இங்கே வரும்வரை பல வருடமாக யாரும் தன்னைத் தொட்டதில்லை என்கிறாராம். அந்தக் கை பட்டு நோய் போய்விடவில்லை. அதற்கான மருந்து தனியாக நடந்துகொண்டிருந்தது.