அங்கவடி இல்லாமலும் உட்காரலாம்! குதிரையேற்றத்தில் பேலன்ஸும் தைரியமும் வருவது எப்படி?

சென்னை அண்ணா சாலையில், தீவுத்திடலை ஒட்டிப் போகிறவர்கள் கண்ணில் தவறாமல் படுவது சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அதில் இரண்டு பொருள்கள் இல்லாதது தெரியும். ஒன்று சேணம், இன்னொன்று கால் வைக்கும் அங்கவடி. பிரான்சிஸ் சான்ட்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பி வடித்த இந்தச் சிலை 1839-ல் நிறுவப்பட்டது. ‘சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரையே விட்டுவிட்டார்’ என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது வெறும் கதைதான். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையும் சான்ட்ரி செய்ததே. அதிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. அவர் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

சிலையில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால், குதிரையேற்றம் பழகத் தொடங்கிய ஒருவரிடம் பயிற்சியாளர் வந்து, “அங்கவடியிலிருந்து காலை எடுங்க” என்று சொன்னால்? பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் பேலன்ஸ் பாடம் தொடங்குவதே அங்கேதான்.

தருமபுரிக்குப் புதிதல்ல!

இந்த மன்றோ, தருமபுரிக்காரர்களுக்கு நெருக்கமானவர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அதில் அடக்கம். அதை நிர்வகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்தவர்தான் மன்றோ. 1799 வரை ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியில் இருந்தார். நிலங்களை அளந்து வரி நிர்ணயிக்கும் வேலை. மலைப்பாதை, காட்டுப்பாதை, ஓடை என்று ஊர் ஊராகப் போக வேண்டும். அந்தக் காலத்து அதிகாரிக்கு ஜீப்பும் குதிரைதான், பைக்கும் குதிரைதான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை, 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கும் இடமாகத்தான் தொடங்கப்பட்டது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்தப் பகுதியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

இன்று குதிரை சவாரி என்றால் ஊட்டியிலும் மெரினாவிலும் ஒரு ரவுண்டு என்று ஆகிவிட்டது. முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ஆர்வத்தோடு சேருகிறவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வகுப்பில் தடுமாறுகிறார்கள். குதிரை மெதுவாக நடக்கும்வரை பிரச்னை இல்லை. அது துள்ளுநடைக்கு மாறியதும் உடம்பு குலுங்குகிறது, பிடி நழுவுகிறது, பயம் வந்துவிடுகிறது. ‘எனக்கு இது சரிப்படாது’ என்று பலர் முடிவுகட்டும் இடம் அதுதான்.

இறுக்கிப் பிடித்தால் நழுவும்

விழுந்துவிடுவோமோ என்று பயந்தால் உடம்பு தானாக மூன்று காரியம் செய்யும். முழங்கால் இறுகும், தோள் முன்னால் குனியும், மூச்சு அடங்கும். மூன்றுமே பேலன்ஸுக்கு எதிரிகள்.

முழங்காலால் குதிரையை இறுக்கினால், துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தினால் அது பிடியிலிருந்து மேலே வழுக்குவதுபோல, உடம்பு சேணத்திலிருந்து மேலே தள்ளப்படும். முன்னால் குனிந்தால், குதிரை சட்டென்று நிற்கும்போது கழுத்தைத் தாண்டிப் போய்விடுவோம். கீழே பார்த்தாலும் அப்படித்தான். தலையின் எடை நான்கரை, ஐந்து கிலோ இருக்கும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, மொத்த உடம்பும் அந்தப் பக்கம் போகும்.

இன்னொரு விஷயம், குதிரை வேட்டையாடும் மிருகமல்ல, வேட்டையாடப்படும் மிருகம். ஆபத்து எங்கே என்று சுற்றியிருப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு பிழைத்த இனம். தோல் மேல் ஒரு ஈ உட்கார்ந்தாலே உணரும். முதுகில் இருப்பவர் விறைத்துப்போனால், ‘ஏதோ ஆபத்து’ என்று அதுவும் விறைக்கும். நம் பயம் குதிரைக்கு, குதிரையின் பயம் நமக்கு என்று அது வளர்ந்துகொண்டே போகும்.

காது, தோள், இடுப்பு, குதிகால்

குதிரை மேல் உட்காருவதை நாற்காலியில் உட்காருவதாக நினைப்பதுதான் தொடக்கத் தவறு. கிரேக்க எழுத்தாளர் செனஃபன், கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பவரைப்போல இருக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். அப்போது அவர்களிடம் அங்கவடியே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பயிற்சியாளர்கள் இன்றும் பார்ப்பது அதே கோட்டைத்தான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். குதிரையை அப்படியே மாயமாக மறைத்துவிட்டால், நீங்கள் தரையில் விழாமல் நிற்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி, குதிகால் விரல்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அங்கவடி பாதத்தின் முன்பகுதியைத் தாங்கும் பலகைதான். அதை உந்தி எழுந்து நிற்கக் கூடாது.

சாலி ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கப் பயிற்சியாளருக்குச் சிறுவயதிலிருந்தே முதுகெலும்பு வளைவு இருந்தது. உடம்பை எப்படிச் சமன்படுத்துவது என்பது அவருக்கு அன்றாடப் பிரச்னை. அந்த அனுபவத்தில் அவர் உருவாக்கி, 1985-ல் புத்தகமாக எழுதிய முறை, உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. அதில் நான்கே அடிப்படைகள். பார்வையை ஒரு புள்ளியில் குத்தாமல் அகலமாக வைப்பது, அடிவயிறுவரை மூச்சு விடுவது, உடம்பின் மையத்தை அடிவயிற்றில் உணர்வது, உடம்பின் பாகங்களைச் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நான்கிலுமே ‘இறுக்கிப் பிடி’ என்ற வார்த்தை இல்லை.

படிப்படியாக என்ன செய்யலாம்?

வியன்னாவில் பல நூற்றாண்டுகளாக இயங்கிவரும் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் சேரும் புது மாணவர்கள், கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்காரப் பழகுகிறார்கள். குதிரையை நீண்ட கயிற்றில் கட்டி, பயிற்சியாளர் நடுவில் நின்று வட்டமாக நடக்கவைப்பார். குதிரையை ஓட்டும் கவலை மாணவருக்கு இல்லை. உட்காருவது மட்டுமே வேலை. வாரம் ஒரு வகுப்பு போகிறவர்களும் இதையே சின்ன அளவில், பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யலாம்.

* முதலில் நடையில் மட்டும். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்-பின், இட-வலம், மேல்-கீழ் என்று மூன்று திசையிலும் அசையும். மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதனால்தான் உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சையிலும் குதிரை சவாரியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அசைவோடு இடுப்பு போகட்டும், தடுக்காதீர்கள்.

* இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். பிறகு ஒரு கையை மட்டும் சுற்றுங்கள். வலது கையால் இடது கால் விரலைத் தொட்டு நிமிருங்கள். மேலுடம்பு அசைந்தாலும் இடுப்பு நகராமல் இருப்பதுதான் பாடம்.

* அங்கவடியை விட்டுவிட்டு ஓரிரு நிமிடம் நடை. கால்கள் தொங்கும்போது தொடை நீளும், இடுப்பு சேணத்தில் ஆழமாகப் பதியும். வலித்தால் நிறுத்திவிடலாம். நேரத்தை அடுத்த வகுப்பில் கூட்டிக்கொள்ளலாம்.

* துள்ளுநடையில் ‘ஒண்ணு-ரெண்டு’ என்று வாய்விட்டு எண்ணி, ‘ஒண்ணு’க்கு எழுந்து ‘ரெண்டு’க்கு உட்காருங்கள். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. அதுவே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

* தடுமாறினால் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காதீர்கள். அதன் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது. அதற்கு வலித்தால் இன்னும் மிரளும். தொடக்கத்தில் குதிரையின் கழுத்தில் ஒரு வாரைக் கட்டச் சொல்லி, அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குதிரை இல்லாத நாள்களிலும் பழகலாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், நடுவில் காலை மாற்றுங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். மாடிப்படியின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். குதிரை மேல் கேட்கப்படும் அதே நெகிழ்வு இதில் கிடைக்கும்.

பயம் வந்தால் ஒரு படி இறங்குங்கள்

குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், பெரியவர்களுக்கு நாளாகிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், நாளைக்கு ஆபீஸ் போக வேண்டும், கை உடைந்தால் என்னாவது என்று கணக்குப் போடும் மனசு பெரியவர்களுடையது. அந்தப் பயம் நியாயமானதுதான். அதைத் திட்டி விரட்ட முடியாது.

துள்ளுநடையில் பயம் வந்தால், நடைக்குத் திரும்புங்கள். நடையிலும் பயம் என்றால், நிற்கும் குதிரை மேல் உட்கார்ந்து நிதானமாகப் பத்து முறை மூச்சுவிடுங்கள். அதுவும் முடியவில்லையா? இறங்கி, குதிரைக்கு பிரஷ் போடுங்கள், கூட்டிக்கொண்டு நடங்கள். முகத்துக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குப் பார்வை கிடையாது. அதனால் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே அருகில் போக வேண்டும். தரையில் பழகிய குதிரை மேல் ஏறும்போது பயம் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வகுப்பையும் உங்களால் நன்றாகச் செய்ய முடிந்த ஒன்றோடு முடியுங்கள். உடம்பு அதைத்தான் அடுத்த வாரம்வரை ஞாபகம் வைத்திருக்கும்.

‘விழுந்தால் உடனே மறுபடி ஏறணும், இல்லாட்டி பயம் தங்கிடும்’ என்று சொல்வார்கள். எல்லா நேரத்திலும் இது சரியல்ல. தலை அடிபட்டிருந்தால் அன்று ஏறவே கூடாது. தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். குதிரையேற்றத்துக்கென்றே தயாரான ஹெல்மெட், சின்னக் குதிகால் உள்ள ஷூ இரண்டும் இல்லாமல் ஏறவே வேண்டாம். குதிகால் இல்லாத ஷூ அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால், விழுபவரைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு.

கால் செயலிழந்தும் வெள்ளி!

பேலன்ஸ் என்பது கால் வலிமை அல்ல என்பதற்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1944-ல், 23 வயதில், கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது. அவர் மீண்டும் குதிரை ஏறினார். ஏறவும் இறங்கவும் ஒருவர் உதவி தேவைப்பட்டது. மேலே உட்கார்ந்த பிறகு, தொடை, இடுப்பு, உடல் எடையின் சாய்வு இவற்றாலேயே ஜூபிலி என்ற தன் குதிரையோடு பேசப் பழகினார்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் ‘டிரெஸாஜ்’ எனும் குதிரை நடைப் போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. ஆண்களோடு போட்டியிட்டு லிஸ் வெள்ளி வென்றார். 1956-ல் மறுபடியும் வெள்ளி. அதே டிரெஸாஜில், 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில், இந்திய அணி தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. அணியின் நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்று இரண்டு பேர் பெண்கள்.

பள்ளியில் சேரும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். தொடக்க மாணவர்களுக்கு வயதான, சாதுவான குதிரை கொடுப்பீர்களா? கயிற்றுப் பயிற்சி உண்டா? ஹெல்மெட் கட்டாயமா? ‘இன்று வேகம் வேண்டாம்’ என்று மாணவர் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் ‘சரி’ என்பவரிடம் சேரலாம். அப்படிப்பட்டவரிடம் கற்றால், அங்கவடியிலிருந்து காலை எடுக்கச் சொல்லும் நாளில், கேள்வி கேட்காமல் எடுத்துவிடுவீர்கள்.